பெரியகரைச்சியில் ஒரு லீவு நாள்

இரவு வேலை முடிந்து
கையுறையைக் கழற்றுகையில் ஐந்தே முக்கால்.
இடது பெருவிரல் இன்னும்
டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டிருக்கிறது,
கையில் கருவி இல்லாமலே.

மார்கழியும் தையும் ஆய்வுகூடத்துக்கு டெங்கு மாதம்.
பிளேட்லட் இருபத்தோராயிரம் என்று
ஏழாம் வார்ட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
மறுமுனையில் நேர்ஸ் ஒன்றும் பேசவில்லை.
பேனை மூடியைத் திறக்கும் சத்தம் மட்டும்.

வாசலில் ரிஸ்கான்
ஓட்டோவுக்குள் காலை நீட்டிக் கிடக்கிறான்.
"இண்டைக்கும் கொக்கோ மிஸ்?"
ஆறு வருடமாகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.
அவனுக்குக்
கால் நீண்டதெல்லாம் கொக்கு,
கைக்குள் அடங்குவதெல்லாம் குருவி,
நடுவில் உள்ள அத்தனையும்
"மற்றது."

உப்புவெளி. சாம்பல்தீவு.
ஒரு கையில் மரக்கறி ரொட்டி,
மறு கையால் பைனாகுலரைத் துடைக்கிறேன்.
நிலாவெளி தாண்டி, கரைச்சிக்கரை.
மழையில் பாத்திகள் மூழ்கி
உப்புக்கும் லீவு.

அங்கே நிற்கிறார்கள்.
சிவப்புக் காலைத் தண்ணீரில் ஊன்றி,
எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தபடி
பவளக்காலிகள்.

கண்ணாடித் தகட்டைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பேன்:
பரப்பைக் கட்டம் கட்டமாய்ப் பிரித்து,
இடமிருந்து வலம் போய், கீழிறங்கி,
வலமிருந்து இடம் வந்து.
பையிலிருந்து கருவியை எடுத்தால்
பெருவிரலுக்கு நிம்மதி.
டிக். டிக். டிக்.
முந்நூற்றிப் பன்னிரண்டில்
சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தது.
எல்லாம் எழும்பிக்
கலந்து, சுழன்று,
வேறு வேறு பாத்திகளில் இறங்கின.
செல்களில் எனக்குப் பிடித்தது இதுதான்:
அவை பறக்காது.

சைபரிலிருந்து தொடங்கினேன்.

இதே கொப்பியை ஒருகாலம்
சோதனைச்சாவடியில் இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தார்கள்.
"பொ.உ. பதினாலு. இது என்ன?"
பொன்னிற உப்புக்கொத்தி என்றேன்.
"பதினாலு பேரும் இப்ப எங்க?"
சைபீரியாவிலிருந்து வந்தவை என்றேன்.
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
அன்றிலிருந்து
பெயர்களை முழுதாக எழுதுகிறேன்,
எவ்வளவு நீளமென்றாலும்.

ஆகவே, காவற்கூண்டிலிருந்து "மிஸ்!" என்று குரல் வந்ததும்
முதலில் கொப்பியைத்தான் மூடினேன்.
இறங்கி வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம்.
தொப்பிக்கு வெளியே காது மட்டும் பெரிசாய்.
"கீயத?" என்றான். பிறகு தமிழில், "எத்தினை?"
நானூற்றிப் பத்தொன்பது.
இல்லை என்று தலையாட்டினான்.
"நானூறு... இருபத்தியேழு."

கூண்டின் அடிச்சுவரைக் காட்டினான்.
கரிக்கோடுகள், ஐந்து ஐந்தாய்க் கட்டி, இரண்டு பக்கம்.
"இது நிவாடு," என்றான், வீட்டுக்குப் போக மிச்ச நாள்.
"இது குருல்லோ. பத்துக்கு ஒரு கோடு."
இங்கே சிக்னல் இல்லை,
போனில் பார்க்க ஒன்றுமில்லை,
அதனால் எண்ணுகிறானாம்.
பருந்து வந்தால் என்ன செய்வாய் என்று
கையால் பறந்து காட்டிக் கேட்டேன்.
"ஆயெத்," என்றான். திரும்பவும்.

எட்டு வித்தியாசம்.
எங்கள் ஆய்வுகூடத்தில் இதை ஏற்றுக்கொள்வோம்.
இரண்டு எண்ணையும் எழுதி,
பக்கத்தில் "மேலிருந்து", "கீழிருந்து" என்று குறித்தேன்.
பைனாகுலரை நீட்டினேன்.
ஒரு கையை உயர்த்தி வேண்டாம் என்றான்,
ரோட்டைப் பார்த்தபடி.

திரும்பும் வழியில் வெயில் ஏறிவிட்டது.
ஏழாம் வார்ட்டுக்கு
எடுக்கலாமா என்று போனைப் பார்த்தேன். வைத்தேன்.
அல்லஸ்தோட்டத்தடியில் கண் சொக்கியிருக்க வேண்டும்.
"மிஸ், மிஸ்! அந்தா போகுது!"
கண்ணைத் திறந்தபோது
வேலிக்கு மேலே கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
"என்ன நிறம்?"
"நிறம் இருந்தது."
"சொண்டு?"
யோசித்தான். ஓட்டோவும் மெதுவாய் ஓடி யோசித்தது.
"மற்றது, மிஸ்."

கொப்பியைத் திறந்து,
நேரத்தைப் போட்டு,
பெயரை முழுதாகவே எழுதினேன்:
மற்றது – 1.